மண்வெட்டி பிடித்த துறவிகள்



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, உரம், பூச்சி என்று பேசுகிறவன், இன்று ஒரு மடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. வடக்கனந்தலில் ஓர் உழவர் கூட்டம். பேச்சுவாக்கில் ஒரு பெரியவர், "ஏன் சார், சாமியாருங்க என்னைக்காவது மம்பட்டி புடிச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மரவள்ளியில் மாவுப்பூச்சிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் அது சிரித்து விடக்கூடிய கேள்வி இல்லை.

நம்ம நாட்டு வழக்கத்தில் துறவி என்றால் இரண்டு அடையாளம். ஒன்று, அவர் தொழிலை விட்டவர். பிட்சை ஏற்று உண்பவர். இரண்டு, ஓர் ஊரிலே தங்காதவர். மழைக்காலத்தில் சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்தில் இருப்பாரே தவிர, மற்ற நாளில் நடந்துகொண்டே இருப்பார். புத்த பிட்சுக்கள் மண்ணைத் தோண்டவே கூடாது என்று விதி இருக்கிறது. மண்ணுக்குள்ளே இருக்கிற உயிர்கள் சாகுமே என்பதால். ஆக, துறவியும் மண்வெட்டியும் நம்ம ஊரில் ஒன்றுக்கொன்று தூரம்தான்.

இதற்கு நேர் எதிராக, "ஒரே இடத்தில் இரு, கையால் உழைத்துச் சாப்பிடு" என்று சொன்ன ஒரு துறவு ஐரோப்பாவில் 1,500 ஆண்டாக நடந்து வருகிறது. அது 1950ல் நம்ம காவிரிக் கரைக்கு வந்தது. வந்து வேர் பிடிப்பதற்குள் என்ன பாடு பட்டது, எதனால் பிடித்தது என்பதுதான் இன்றைய பேச்சு. அந்தக் கதையில் நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துறவை ஏற்படுத்தியவரைத் தெரிந்துகொள்வோம். பெனடிக்ட் என்று பெயர். நம்ம பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள். ஊரில் ஆசீர்வாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் பெயர்தான். சுமார் 480ம் ஆண்டு இத்தாலியில் நூர்சியா என்ற ஊரில் பிறந்தார். ரோமாபுரிக்குப் படிக்கப் போனவர், அங்கிருந்த ஆட்டபாட்டம் பிடிக்காமல் சுபியாக்கோ என்ற இடத்தில் ஒரு குகையில் போய் உட்கார்ந்தார். பிறகு சுமார் 529ல் மோன்டே காசினோ என்ற மலைமேல் மடம் கட்டினார். ரோம சாம்ராஜ்யம் சிதைந்து, படையெடுப்பும் பஞ்சமுமாய் இருந்த காலம் அது.

அந்த மடத்துக்காக அவர் 73 அத்தியாயத்தில் ஓர் ஒழுங்கு எழுதி வைத்தார். பெரிய தத்துவ நூல் என்று நினைக்க வேண்டாம். யார் சமைப்பது, எத்தனை கறி, எப்போது தூங்குவது, கருவிகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெரிய பண்ணைக்குக் காரியஸ்தர் எழுதி வைத்த குறிப்புப் போலவே பாதிக்கு மேல் இருக்கும். தூங்கும்போது இடுப்பில் கத்தியை வைத்துக்கொண்டு தூங்காதே, தூக்கத்தில் குத்திக்கொள்வாய் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். வயலில் அறுப்பு வேலை செய்கிற ஆட்கள் கூடவே இருந்து பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும்.

அவர் போட்ட வேலை நேரத்தைக் கேளுங்கள். ரோமர்கள் பகல் பொழுதை 12 பங்காகப் பிரிப்பார்கள். கோடையில், விடிந்த முதல் பங்கிலிருந்து ஏறக்குறைய நாலாம் பங்கு வரை வயலில் வேலை. அதாவது நம்ம கணக்கில் சுமார் 6 மணியிலிருந்து 10 மணி வரை. அப்புறம் உச்சிப்பொழுது வரை படிப்பு. சாப்பாடு. சாப்பிட்டபின் படுக்கையில் ஓய்வு. படிக்க விரும்புகிறவர் அடுத்தவர் தூக்கம் கெடாமல் படிக்கலாம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி வேலை, மாலை வழிபாடு வரை. நடுநடுவே மணி அடித்தால் ஜெபம். பகலில் ஏழு தடவை, இரவில் ஒரு தடவை. கோமுகி அணை ஆயக்கட்டில் நடவுக்கு வருகிற பெண்கள் விடிகாலையில் இறங்கி, உச்சி வெயிலுக்கு முன்னே கரை ஏறப் பார்க்கிறார்களே, அதே கணக்குதான். கோடையில் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம். ஆனால் வயலில் வேலை கடுமையாக இருந்தாலோ வெயில் அதிகமாக இருந்தாலோ விரதத்தைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று மடாதிபதிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்.

சாப்பாடு? நாளைக்கு ஆளுக்கு ஒரு ராத்தல் ரொட்டி. வெந்த கறி இரண்டு. ஒன்று பிடிக்காதவர் மற்றதைச் சாப்பிடட்டும் என்று. தோட்டத்தில் பழமோ இளங்காய்கறியோ இருந்தால் மூன்றாவதாக அது. நாலுகால் பிராணி மாமிசம், மிகவும் பலவீனமான நோயாளிக்கு மட்டும். சமையல் வாரமுறை; ஒவ்வொருவரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். வாரம் முடிகிறபோது துண்டுகளைத் துவைத்து வைத்து, எல்லார் காலையும் கழுவிவிட்டுத்தான் அடுத்தவரிடம் முறையை விட வேண்டும். பிரபு மகனும் பண்ணையாள் மகனும் ஒரே அடுப்படியில் நிற்க வேண்டிய ஏற்பாடு இது. அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, உக்கிராணக்காரரைப் பற்றியது. மடத்துப் பொருளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். மடத்தில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் கருவியையும் பீடத்தில் வைக்கிற பூசைப் பாத்திரம் போல எண்ண வேண்டும் என்கிறார் பெனடிக்ட். கருவிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, திரும்ப எண்ணி வாங்க வேண்டும். அழுக்காகத் திருப்பித் தந்தால் கண்டிப்பு. நாமும் ஆயுத பூசை போடுகிறோம், பொட்டு வைக்கிறோம், பொரி வைக்கிறோம். மறுநாளே மண்வெட்டி வரப்பில் மழையில் கிடக்கிறது. களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்து, அதிலேயே மருந்து கலந்து உளுந்துக்கு அடித்துவிட்டு, "மருந்து சரியில்லை சார்" என்று வருகிறவர்களை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள் பூசையைவிட நாள்தோறும் கழுவி வைக்கிற பூசைக்குப் பலன் அதிகம் என்பது என் கட்சி.

இன்னும் இரண்டு செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். மடத்தில் செய்த பொருளை விற்கும்போது வெளியார் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும் என்று விதி. முக்கியமான முடிவு எடுக்க வேண்டுமானால் எல்லாரையும் கூட்டி, சின்னப் பையன் வரைக்கும் கருத்துக் கேட்க வேண்டும் என்று இன்னொரு விதி. கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

இப்படி ஆரம்பித்தது அப்படியே இருந்ததா என்றால், இல்லை. மடங்களுக்கு மன்னர்களும் பிரபுக்களும் நிலம் நிலமாக எழுதி வைத்தார்கள். நம்ம ஆதீனங்களுக்கு எழுதி வைத்த மாதிரிதான். நிலம் பெருகியதும் உழவு குடியானவன் கைக்குப் போயிற்று. 910ல் பிரான்சில் க்ளூனி என்ற இடத்தில் தொடங்கிய மடத்தில் வழிபாடு நீண்டுகொண்டே போய், துறவிகளுக்கு வயலில் இறங்க நேரமே இல்லாமல் ஆயிற்று. இது சரியில்லை, பழைய ஒழுங்குப்படி கையால் உழைப்போம் என்று 1098ல் சீத்தோ என்ற சதுப்புக் காட்டில் சிலர் தனியாகப் போனார்கள். சிஸ்டெர்சியர் என்று அவர்களுக்குப் பெயர். காட்டைத் திருத்தினார்கள், நீரை வடித்தார்கள், ஆடு வளர்த்துக் கம்பளி விற்றார்கள். நன்றாக உழைத்ததாலேயே அவர்களும் பணக்காரர் ஆனார்கள்! இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536லிருந்து 1540க்குள் மடங்களையெல்லாம் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டான். பிரெஞ்சுப் புரட்சி 1790ல் தன் நாட்டு மடங்களை மூடியது. குத்தகைப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்ற பேர் வந்துவிட்ட பிறகு, கலைக்கிறவனுக்கு எதிராக ஊர்க்காரன் ஏன் நிற்பான்?

தாய் மடமான மோன்டே காசினோ பட்ட அடியோ தனி. 6ம் நூற்றாண்டின் கடைசியில் லொம்பார்தியர் இடித்தார்கள். 883ல் அரபுப் படை கொளுத்தியது. 1349ல் பூகம்பம். கடைசியாக, இரண்டாம் உலகப் போரில் 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. அந்த மலையடியில் அப்போது நின்று போரிட்டவர்களில் நம்ம இந்திய 4வது டிவிஷன் சிப்பாய்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு பழைய படியே கட்டி, 1964ல் திறந்தார்கள். அந்த மடத்தின் சின்னம் என்ன தெரியுமா? வெட்டிய அடிமரம், அதில் துளிர். வெட்டினாலும் தழைக்கும் என்பது பொருள். கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்களுக்கு மறுதாம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சிலும் அப்படித்தான் தழைத்தது. 1833ல் சொலெம் என்ற இடத்தில் மறுபடி மடம் தொடங்கினார்கள். அங்கிருந்து 1897ல் பிரித்தானி கடற்கரைப் பக்கம் கெர்கொனான் மடம். அந்தக் கெர்கொனானில் 1929ல் சேர்ந்தவர் ஆன்றி லெ சோ. 1910ல் பிறந்தவர். கட்டுமஸ்தான கடற்கரைக்காரர். சேர்ந்த சில ஆண்டிலேயே அவருக்கு இந்தியா போக வேண்டும் என்ற எண்ணம். அனுமதி கிடைத்து வந்து சேர 1948 ஆகிவிட்டது.

அவருக்கு முன்னாலேயே 1939ல் திருச்சிப் பக்கம் வந்துவிட்டவர் ஜூல் மொன்ஷனேன் என்ற பிரெஞ்சுக் குருவானவர். 1895ல் பிறந்தவர், பெரிய படிப்பாளி, ஆனால் நோஞ்சான் உடம்பு. இருவரும் சேர்ந்து 1950 மார்ச் 21 அன்று, பெனடிக்டின் திருநாளில், குளித்தலையை ஒட்டிய தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரை மாந்தோப்பில் ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். சாந்திவனம் என்றும் சொல்வார்கள். காவி கட்டினார்கள். மொன்ஷனேன் பரம அரூபி ஆனந்தர் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். மரக்கறி உணவு. காவி உடுத்திய வெள்ளைக்காரப் பாதிரியார் நம்ம நாட்டுக்குப் புதிதில்லை. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி செய்து காட்டியதுதான். ஆனால் இவர்கள் நினைத்தது வேறு. பெனடிக்டின் ஒழுங்கையும் நம்ம நாட்டுச் சந்நியாசத்தையும் ஒட்டுப் போட நினைத்தார்கள். 1951ல் இதை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் போட்டார்கள்.

ஒட்டுக் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் ஒரே கனமாக, ஒரே பருவத்தில் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் இழுத்த திசை வேறு. சும்மா மடம் மடமாகச் சுற்றி மூன்று நாள் நாலு நாள் விருந்தாளியாகத் தங்குகிற துறவியைத்தான் பெனடிக்ட் தம் முதல் அத்தியாயத்திலேயே எல்லாரிலும் மோசம் என்கிறார். அவருடைய மடத்தில் ஒரு வருஷத்துக்குமேல் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறபோது, இங்கேயே நிலைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். நம்ம நாட்டிலோ, நடந்துகொண்டே இருக்கிறவருக்குத்தான் மதிப்பு.

அந்த இழுபறி அபிஷிக்தானந்தரின் காலிலேயே இருந்தது. 1949 ஜனவரியில் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியைப் பார்த்தவர், 1952லிருந்து அந்த மலைக் குகைகளில் அடிக்கடி போய்த் தனியாக இருந்தார். 1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனம் வந்தார். ஆமாம், இன்று நம்ம மாவட்டத்தில் இருக்கிற அதே தபோவனம்தான். அங்கே ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டதும், இவர்தான் குரு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 1956ல் மறுபடி வந்து சில வாரம் தங்கிப் பயிற்சி பெற்றார். பின்னால் ஞானானந்தரைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலே எழுதினார். தென்பெண்ணைக் கரையில் நடந்த இந்தச் சந்திப்பை நம்ம பக்கத்திலேயே பலர் அறிய மாட்டார்கள்.

இதற்கிடையில் சாந்திவனத்தில் ஆள் சேரவில்லை. வந்தவர்கள் பார்த்தார்கள், இருந்தார்கள், போனார்கள். 1957ல் மொன்ஷனேன் நோயுற்று, சிகிச்சைக்குப் பாரிஸ் கொண்டுபோகப்பட்டு அக்டோபர் 10 அன்று இறந்தார். அபிஷிக்தானந்தர் இமயமலைக்கும் காவிரிக்குமாக இருந்துவிட்டு 1968ல் ஒரேயடியாக வடக்கே போனார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார். 18 வருஷத்தில் நிலையாக ஒரு சீடர்கூட இல்லை. ஒட்டு பட்டுப்போயிற்று என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள்.

இங்கே நாம் ஒரு நடை கேரளத்துக்குப் போய்வர வேண்டும். பிரான்சிஸ் மாகியூ என்று பெல்ஜியம் நாட்டுச் சிஸ்டெர்சியத் துறவி ஒருவர். அவரும் 1955ல் முதலில் சாந்திவனத்துக்குத்தான் வந்தார். சில காலத்தில் விலகினார். 1958ல் வாகமண் பக்கம் புல்மேட்டு மலையில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். அவரோடு கூட நின்றவர் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயப் பெனடிக்டியத் துறவி. குரிசுமலையில் முதல் காரியம் மாடு. புல் வளர்த்து, கலப்பினப் பசு வளர்த்து, பாலை விற்று அதில்தான் மடம் சாப்பிட்டது. சுற்றியிருந்த சிறு விவசாயிகளுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, பால் சங்கமாகச் சேர்த்தார்கள். என் துறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு நல்ல விரிவாக்கப் பணி.

பீட் கிரிபித்ஸ் 1906ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் இலக்கியம் படித்தவர். படித்து முடித்ததும் 1930ல் இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்து வீட்டில் குடியேறி, இயந்திரம் இல்லாத வாழ்க்கை வாழ்கிறோம் என்று பசு வளர்த்துப் பால் கறந்தார்கள். ஒரு வருஷம்கூட ஓடவில்லை. ஆனால் அந்த ஆசை அவரை விடவில்லை. பிரிங்க்நாஷ் என்ற பெனடிக்டிய மடத்தில் சேர்ந்து, 1955ல் இந்தியா வந்து, பத்து வருஷம் குரிசுமலையில் இருந்து, 1968ல் இரண்டு இளந்துறவிகளோடு சாந்திவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த மூவரும் இரண்டு சொத்துக் கொண்டுவந்தார்கள்: மணி அடித்தால் எழுந்திருக்கிற பழக்கம், மாட்டுக் கொட்டகைப் பழக்கம். சாந்திவனம் பிழைத்ததற்குப் பீட் கிரிபித்ஸின் புத்தகங்களைக் காரணம் சொல்வார்கள். நான் இந்த இரண்டு பழக்கத்தைச் சொல்வேன். முன்னால் இருந்த இருவருக்கும் ஞானத்தில் குறைவில்லை. ஆனால் ஒருவர் உடம்பால் முடியாதவர். மற்றவர் கால் நிற்காதவர். புதிதாக வருகிற பையனுக்குக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரிய வேண்டாமா?

தென்னை, காய்கறித் தோட்டம், கறவை மாடு என்று ஆசிரமம் நிலைபெற்றது. விடியலிலும் அந்தியிலும் ஒவ்வொரு மணி நேரம் தியானம். அந்தச் சந்திப் பொழுது நம்ம நாட்டுக் கொடை. நாளுக்கு மூன்று வழிபாடு. பைபிளோடு உபநிடதம், கீதை, தமிழ் அடியார் பாடல்கள் வாசிப்பும் உண்டு. ஆரத்தி உண்டு. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. கோயிலுக்குக் கோபுரம். சாப்பாடு தரையில் உட்கார்ந்து, கையால், பேசாமல். ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார்கள். இந்த ஒன்று பெனடிக்ட் எழுதி வைத்தது. வருகிறவர் யாராயிருந்தாலும் கிறிஸ்துவே வந்ததாக ஏற்றுக்கொள் என்பதும் அவர் எழுதியதே. பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஓம் எழுதுவதும் திருநீறு பூசுவதும் என்ன கூத்து என்று கத்தோலிக்கர்களில் பலர் கேட்டார்கள். காவியைப் போட்டு மதம் மாற்ற வருகிற வேஷம் இது என்று இந்துக்கள் சிலர் 1980களில் பத்திரிகையில் கடுமையாக எழுதினார்கள். பீட் கிரிபித்ஸ் பதில் எழுதினார். இரண்டு பக்கத்துச் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கத்தான் செய்தது. நொபிலி காலத்துக் கதை யாருக்கும் மறக்கவில்லை.

1980களின் தொடக்கத்தில் ஆசிரமம் கமால்தொலி என்ற பெனடிக்டியக் கிளையோடு சேர்ந்தது. கமால்தொலி இத்தாலியில் மலைக்காட்டுக்குள்ளே 11ம் நூற்றாண்டில் ரோமுவால்து என்பவர் அமைத்த மடம். அந்தத் துறவிகள் சுற்றியிருந்த ஊசியிலைக் காட்டைப் பல நூற்றாண்டு காத்தவர்கள். கண்டபடி மரம் வெட்டத் தடை, ஆண்டுதோறும் புதுக் கன்று நடுவது என்று தங்கள் மடத்து ஒழுங்கிலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். கல்வராயன் மலையில் கடுக்காயும் சந்தனமும் எப்படி இருந்தது என்று நம்ம பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, ஒழுங்கில் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

பீட் கிரிபித்ஸுக்கு 1990ல் பக்கவாதம் வந்தது. 1993 மே 13 அன்று 86 வயதில் தம் குடிசையில் இறந்தார். தோப்பிலேயே அடக்கம். ஆசிரமம் இன்றும் நடக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் திருச்சி போய், கரூர் சாலையில் குளித்தலை பஸ் ஏறினால் தண்ணீர்ப்பள்ளியில் இறங்கலாம். தங்குவதாக இருந்தால் முன்கூட்டி எழுதிவிட்டுப் போங்கள். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் விருந்தாளிகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய காய்கறியை நறுக்குவது அங்கே வழக்கம். உங்கள் கையிலும் ஒரு கத்தி வரும். வேலை முடிந்ததும் அதைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள்.